சாடையில் நான் ஜெயித்த நாள்

ஜவ்வாது மலையில் தைராய்டு என்ற சங்கதியை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்த ஒரே ஆள் நான்தான். அதுவும் யாரிடம்? பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தையிடம். முகத்தைப் பார்த்தேன், சட்டென்று சொல்லிவிட்டேன்.

பொய். சுத்தப் பொய்.

எனக்குக் கையெழுத்துப் போடுவதே அரை நாள் வேலை. நான் சொல்லச் சொல்ல, என் பேச்சை அச்சுக்குத் தகுந்த மாதிரி சீர் பண்ணி எழுதுகிறவள் என் மகள் காஞ்சனா. மேலே இருக்கிற வரிகளை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"நைனா, உண்மையச் சொல்றியா, இல்ல நான் எழுந்து மாவு அரைக்கப் போவட்டுமா?"

உண்மை இதுதான். கண்டுபிடித்தவள் அவள். நான் அன்றைக்கு அந்த நோய்க்கு வக்கீலாக நின்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

தொட்டில் போட்ட அன்று

காஞ்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம். எங்கள் வீட்டில் தொட்டில் போடுகிற நாள். விட்டத்தில் அவள் அம்மாவின் பழைய சேலையைக் கட்டியாயிற்று. கொல்லையில் ஒரு சேவல், தனக்கு நடக்கப்போவது தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாடை சொல்வது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையைப் பார்த்து, இது இன்னார் மூக்கு, அது இன்னார் காது என்று ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாடைக்கும் ஒரு புளியங்கொட்டை. எந்தப் பக்கத்துக்குக் கொட்டை அதிகமோ, அந்தப் பக்கத்துத் தாத்தாதான் முதலில் தொட்டிலை ஆட்டுவார். தோற்ற தாத்தா உட்கார்ந்து கோழி உரிக்க வேண்டும்.

எனக்கு எதிராளி என் சம்பந்தி தாமோதரன். ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் டேப்போடுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

ஆரம்பமே எனக்கு அடி. மூக்கு அவருடையது. காது அவருடையது. நெற்றி அவருடையது. கால் பெருவிரல்கூட அவருடையது என்று என் சொந்தத் தங்கச்சியே சொன்னாள். நாலு கொட்டை அவர் பக்கம். என் பக்கம் வெறும் தரை.

"சம்பந்தி, கத்தி எங்க வெச்சிக்கிறீங்க? இப்பவே சாண புடிச்சி வெச்சிக்கினா உரிக்கறதுக்கு சுளுவா இருக்கும்" என்றார் தாமோதரன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"சாடைன்னா மூஞ்சி மட்டுந்தானா? கொணம் இல்லியா? மூஞ்சிய போட்டோலயே பாத்துக்கலாம். கொணத்த கூட இருந்து பாத்தவன் நான்!"

கூட்டம் சிரித்தது. என் பிழைப்பே அதுதான். ஊரைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வழக்கு என் பக்கம்.

முதல் சாட்சி, தூக்கம். "இந்தப் புள்ள இருவது மணி நேரம் தூங்குது. பாலுக்கு எழுப்புனா ரெண்டு சப்பு சப்பிட்டு மறுபடியும் தூங்குது. இது யாரு மாதிரி?"

"ஒன்ன மாதிரிதான் மாமா!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஒரு கொட்டை.

இரண்டாவது, குளிர். "காலத் தொட்டுப் பாருங்க. வெயிலு மண்டையப் பொளக்குது, கால் மட்டும் கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுனு கீது. சித்திரையில ஸ்வெட்டர் போட்டவன் யாரு?" இரண்டாவது கொட்டை.

மூன்றாவது, குரல். நான் பாதத்தைச் சுண்டினேன். குழந்தை வாயைத் திறந்து அழுதது. அழுகையா அது? மழைக்கு முன்னால் தவளை கூப்பிடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. "கேட்டுக்கினீங்களா? என் தொண்டை!" மூன்று.

நான்காவதை என் பெண்டாட்டி ராஜம்மாளே எடுத்துக் கொடுத்தாள். "வெளிக்கிப் போயி நாலு நாளாச்சி. அதுலயும் இந்த ஆளுதான்." வீடே அதிர்ந்தது. நாலுக்கு நாலு.

கடைசியாக நாக்கு. குழந்தையின் நாக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். "பாருங்க, பொறந்து மூணு வாரத்துல ஊரப் பாத்து பழிப்பு காட்டுது. இது யாரு பேத்தி?"

ஐந்து கொட்டை. நான் ஜெயித்துவிட்டேன். தாமோதரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோழியைத் தேடினார். நான் தொட்டில் சேலையைப் பிடித்தேன்.

"நிறுத்து நைனா" என்றாள் காஞ்சனா.

அவள் சிரிக்கவில்லை. அவள் அப்போது ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிய வேண்டுமானால், அதற்கு இரண்டு வருஷம் முந்தி நான் எந்த லட்சணத்தில் இருந்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

மரத்தில் தூங்கியவன்

நான் புளி உலுக்குகிறவன். மரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவேன். கீழே பெண்கள் கூடையோடு நிற்பார்கள். உலுக்குவதற்கு முன் நான் மேலிருந்து சத்தம் கொடுப்பேன், அவர்கள் விலகுவார்கள். கிளை சில நேரம் முறிந்து விழும் என்பதால், சத்தம் கொடுக்காமல் உலுக்கக் கூடாது.

அந்த வருஷம் என் சத்தம் கீழே சரியாகப் போய்ச் சேரவில்லை. நான் கத்துகிறேன், எனக்கே காற்றுதான் கேட்கிறது. கீழே இருந்தவர்கள் "இன்னா மாமா, மரத்துல ஆட்டுக்குட்டிய கட்டி வெச்சிக்கினியா, கரகரன்னு கத்துது?" என்று கேட்டார்கள். நான் பீடியைக் குற்றம் சொன்னேன். பீடி பிடிப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் குற்றம் சொல்ல அதுதான் வாகாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் மரத்திலேயே தூங்கிவிட்டேன். இரண்டு கிளைக்கு நடுவில், துண்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டு. கீழே கூடை வைத்துக் காத்திருந்தவர்கள் குறட்டைச் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். ஊரெல்லாம் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். தூங்குமூஞ்சி என்று ஊர் பேர் வைப்பதற்கு முன்னால் நானே வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் வலிக்காது. ஆனால் அதில் ஒரு கெடுதல் உண்டு. நாமே சிரித்துவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

முகம் ஊதிப்போயிருந்தது, ராஜம்மாள் சோறு நல்லா ஒட்டுகிறது என்று சந்தோஷப்பட்டாள். தோல், காய்ந்த புளியம்பட்டை. சித்திரை வெயிலில் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். காலையில் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் திரும்பி வர ஒரு மணி நேரம். ஒரு தடவை என்னைத் தேடி ஆள் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் காஞ்சனாதான் என்னை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என் மேல் கையே வைக்காமல் கேள்வி கேட்டார். தூக்கம் அதிகமா? மற்றவர்களுக்கு வேர்க்கும்போது உங்களுக்குக் குளிருதா? குரல் மாறியிருக்கா? மலச்சிக்கலா? நாக்கைக் காட்டுங்கள், தடித்திருக்கா பார்ப்போம்.

வெளியே வந்ததும் காஞ்சனாவிடம் கேட்டேன்: "உங்கம்மா இந்த டாக்டருக்கு முன்கூட்டியே போன் பண்ணிட்டாளா? எல்லாம் தெரிஞ்சி கேக்கறாரு!"

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வேலை செய்யவில்லையாம். தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. என் உடம்பில் என்னை விட ஒரு சோம்பேறி இருந்திருக்கிறான், அவன் செய்த வேலைக்கு நான் பேர் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து எங்கள் உப்பில் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். நல்ல உப்பு ஊதா நிறமாகும் என்றார். எங்கள் உப்பு அசையவே இல்லை. புளியை அடைத்து வைக்க மூட்டையாகக் கல் உப்பு வாங்குவோம். அதையே குழம்புக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். "எங்கூட்டு உப்புக்கு வெக்கம் ஜாஸ்திங்க" என்றேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "ஒங்க நோவுக்கு இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாதுங்க. ஆனா சமையலுக்கு அயோடின் உப்ப மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, தொட்டிலுக்கு வருகிறேன்.

ஐந்து கொட்டை

"நைனா, அன்னிக்கி டாக்டரு ஒன்ன இன்னா இன்னா கேட்டாரு? வரிசையா சொல்லு" என்றாள் காஞ்சனா.

"இப்ப எதுக்கு அது? தொட்டில ஆட்டணும்."

"சொல்லு நைனா."

நான் விரலை மடக்கினேன். தூக்கம். குளிர். குரல். மலச்சிக்கல். நாக்கு.

ஐந்து விரலும் மடங்கிவிட்டது. என் காலுக்கு முன்னால் ஐந்து புளியங்கொட்டை கிடந்தது. யாரோ ஒருத்தர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்; பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார்.

முதலில் வாயைத் திறந்தவள் ராஜம்மாள். "அடி போடி. பச்ச மண்ணுக்கு எங்கனா அந்த நோவு வருமா? அது வயசானவங்களுக்கு வர்றது. அழாத புள்ளயப் பெத்துக்கினு நீ ஏன்டி அழுவற? சமத்துப் புள்ளடி அது."

"சமத்தா இருந்தா பசிச்சாவது அழணும்மா. மூணு வாரம் ஆவுது, இன்னும் மஞ்சா கலரு போவல. தொப்புளு வேற புடச்சிக்கினு கீது. நான் பாலுக்கு எழுப்பி எழுப்பி... எனுக்கு பயமா கீதும்மா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு என் காலடியில் கிடந்த ஐந்து கொட்டையையும் பொறுக்கி மடியில் மறைத்துக்கொண்டேன். இந்த வரியைக் காஞ்சனா தானாகச் சேர்க்கவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன்.

பேசியவர் தாமோதரன். இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"எங்க தெருவுல ஒரு பொண்ணு. வருசா வருசம் ஸ்கூலு தொறக்கறப்ப யூனிபாரம் தெக்க வரும். ஒம்போது வயசுல அளவு எடுத்தேன். பத்துல அதே அளவு. பதினொண்ணுலயும் அதே அளவு. அவங்கம்மாவுக்கு குஷி. போன வருசத்து துணியே பத்துது, துணி மிச்சம்னு. நானும் கையக் கட்டிக்கினு 'ஆமா ஆமா'ன்னேன். கிளாஸ்ல தூங்குது, மண்டையில ஏறலன்னு டீச்சரு அடிச்சிக்கினு இருந்தாங்க. அப்பறமா பாத்தா இதே நோவு. மாத்திரை குடுத்தாங்க, ஒரே வருசத்துல நாலு இஞ்ச் வளந்துச்சி. மூணு வருசம் என் நோட்டுலயே எழுதி இருந்துச்சி சம்பந்தி. எனுக்குப் படிக்கத் தெரியல."

சொல்லிவிட்டு எழுந்தார். "சின்னப் புள்ளைக்கும் வரும். நாங்க வந்த ஜீப்பு இன்னும் கீழ போவல. நான் போயி நிறுத்தறேன். ஜல்தியா கெளம்புங்க."

அவருக்கு வயது அறுபது. முட்டி வலி. அந்தச் சரிவில் அவர் ஓடின ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வளைவுகளில் யோசித்தது

மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பில் காஞ்சனா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று வேறு வழியில்லை.

ஒரே நோய். குழந்தைக்கு வந்தால் சமத்து என்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வந்தால் மந்தம். பிள்ளை பெற்றவள் ஊதினால், பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்கிறோம். எனக்கு வந்தால் சோம்பேறி.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கோடையிலும் அடுப்பு ஓரத்தை விட்டு நகர மாட்டார். பேச்சு மெதுவாகிக்கொண்டே போனது. பேரனின் பெயரை மறந்தார். புருவத்தில் ஓரத்து முடியெல்லாம் கொட்டிவிட்டது. வயசாகிவிட்டது என்றோம். வயசாகவும்தான் இருந்திருக்கலாம். யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஒவ்வொரு வயசுக்கும் ஒரு பெயர் தயாராக வைத்திருக்கிறோம். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் என்ன ஏது என்று பார்க்கத் தோன்றுவதில்லை. எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் வைக்கிற எனக்கே இது அன்றைக்குத்தான் உறைத்தது.

தோற்றதில் ஒரு சந்தோஷம்

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் ஓர் அம்மா. காஞ்சனா சொன்னதைக் கேட்டார். தொப்புளைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு எடுத்து இதைப் பார்த்துவிடலாமாம். அப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

முடிவு வந்தது. அதே நோய்தான்.

"இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். ஒரு நாளும் விடக் கூடாது. சின்னக் குழந்தைங்களுக்கு மூளை வளர்றதுக்கே இந்தச் சுரப்பு வேணும். மாசக்கணக்குல விட்டிருந்தா, அப்புறம் மருந்து குடுத்தாலும் போனது திரும்பாது" என்றார் டாக்டரம்மா.

"இப்ப?" என்றாள் காஞ்சனா.

"சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்க. நல்லா இருப்பாள்னு நம்பறேன். ஆனா இன்னிக்கே சத்தியம் பண்ண முடியாது. கழுத்து நிக்கறது, உக்கார்றது, நடக்கறது, பேசறது, ஒவ்வொண்ணா பார்க்கணும்."

நான் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா, எனுக்கும் இதே நோவுங்க. என்கிட்ட இருந்து வந்துச்சாங்க? என் சாடைங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லைங்க. உங்களுக்கு நல்லா வேலை செஞ்ச சுரப்பி பாதியில கெட்டுப்போச்சு. இவளுக்குப் பிறக்கும்போதே சரியா உருவாகலை. ரெண்டும் வேற வேற. உங்க மேல பழி போட்டுக்காதீங்க."

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். தாமோதரன் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, அஞ்சி கொட்டையும் வாபஸ். என் சாடை ஒண்ணுகூட இல்லியாம்."

"அப்ப நீதான் தோத்தவன். போனதும் கோழி உரி" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு டேப்பால் கண்ணைத் துடைத்தார். சென்டிமீட்டர் பக்கமா இன்ச் பக்கமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மாத்திரைக்குப் பிறகு

இம்மியளவு மாத்திரை. அதைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியில் புகட்ட வேண்டும். முதல் வாரம் ராஜம்மாள் கரண்டியைப் பிடித்தால் நான் விளக்கைப் பிடிப்பேன், நான் கரண்டியைப் பிடித்தால் அவள் என்னைத் திட்டுவாள். மூன்றாவது வாரம், விடிகாலையில் ஒரு வீறல். வீட்டுக்குள் பூனை புகுந்துவிட்டது என்று நான் தடியை எடுத்தேன். குழந்தை பசிக்கு அழுதது. ராஜம்மாள் பாலுக்குத் தூக்கிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்புறம் டாக்டரம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. கழுத்து நின்றது. உட்கார்ந்தாள். நடை கொஞ்சம் தாமதம், ஆனால் வந்துவிட்டது. ரத்தம் எடுக்க மலை இறங்குவோம், ஏறுவோம். கனிஷ்கா என்று பேர் வைத்தோம். எனக்கு அந்தப் பேரைச் சொல்ல நாலு நாள் பிடித்தது.

பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்றரை வயதானது. அவள் வயசுப் பிள்ளைகள் அம்மா, அத்தை, காக்கா என்று எல்லாவற்றையும் கூப்பிட்டன. இவள் பார்ப்பாள், சிரிப்பாள், அவ்வளவுதான். ஊரில் யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கேட்பதை விடக் கஷ்டமாக இருந்தது. காஞ்சனா பாத்திரம் கழுவும்போதுகூட ஒவ்வொன்றின் பேரையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் கழுவுவாள். கிண்ணம். சொம்பு. கரண்டி. மூன்று வாரம் தாமதித்தது அதிகமோ, தொட்டில் நாளைக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டுமோ என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் கை நின்றுவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை. நான் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருக்கிறேன். கனிஷ்கா தானியத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அள்ளினாள். என்னை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்து...

"தாத்தா! கனிஷ்கா தாத்தா! ஜல்தியா வாங்க!"

இது அன்றைக்கு இல்லை, இப்போது. வேலிக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி டீச்சர் மூச்சு வாங்க நிற்கிறார். இப்போது நாலு வயசான என் பேத்தியைக் காலையில் அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

"இன்னாங்க டீச்சர், புள்ள வுழுந்துட்டுதா?"

"வுழுந்தா பரவால்லியே! ஆபீசரம்மா பாக்க வந்து கீறாங்க. ஒங்க பேத்தி எழுந்து நின்னு, டீச்சரு மத்தியானம் தூங்குவாங்க, வாய தொறந்துக்கினு தூங்குவாங்கன்னு சொல்லிக்கினு கீது. எப்பிடி தூங்குவேன்னு படுத்து வேற காட்டுது. நான் சொல்லி அடங்கல. நீங்க வந்து அந்த வாய மூடுங்க!"

காஞ்சனா தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"நைனா, எழுந்து போ. மிச்சத்த அப்பறமா சொல்லு."

வாயை மூட வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், டீச்சர். ஆனாலும் வருகிறேன். இன்னும் என்னென்ன சொல்கிறாள் என்று நின்று கேட்க வேண்டும்.